ஊருக்குப் போகும்போது நாயை எங்கே விடுவது? இங்கிலாந்தின் கென்னல், ஹோம் போர்டிங், சிட்டர் சேவைகள்: ஒரு மதிப்பீடு

பிரிட்டனில் நாய் என்பது வீட்டில் ஓர் ஆள். பப்பில் மேசைக்கடியில் படுத்திருக்கும். ரயிலில் டிக்கெட் இல்லாமல் வரும். ஒரு பயணி இரண்டு நாய்கள் வரை காசு கொடுக்காமல் கூட்டிப்போகலாம். கிறிஸ்துமஸ் பரிசு வாங்கும் பட்டியலில் அதற்கும் ஒரு வரி உண்டு. ஆனால் குடும்பம் விமானம் ஏறும் நாளில் இந்த மரியாதை எல்லாம் அப்படியே நின்றுபோகிறது.

காரணம் பழையது. ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோய் பிரிட்டன் தீவுக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காக, வெளிநாடு போய்த் திரும்பும் நாயை ஆறு மாதம் அடைத்துவைக்கும் விதி 2000ஆம் ஆண்டு வரை இருந்தது. ஆகவே நாயை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகும் பழக்கமே இங்கே வளரவில்லை. நாயை விட்டுவிட்டுப் போகும் பழக்கம்தான் வளர்ந்தது. செல்லப்பிராணிக்கான பயண ஆவணமான பெட் பாஸ்போர்ட் வந்து இருபது ஆண்டு இந்தக் கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்திருந்தது. 2021 ஜனவரியிலிருந்து பிரிட்டனில் கொடுத்த பாஸ்போர்ட் ஐரோப்பாவில் செல்லாது. ஒவ்வொரு பயணத்துக்கும், கிளம்புவதற்கு முந்தைய 10 நாட்களுக்குள், கால்நடை மருத்துவரிடம் புதிய சான்றிதழ் எழுதி வாங்க வேண்டும். இந்தியாவும் இலங்கையும் இன்னும் கடினம். அங்கிருந்து திரும்பும் நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசியோடு ரத்தப் பரிசோதனையும் வேண்டும், விமானத்தில் சரக்காகத்தான் வர முடியும். ஐந்து வாரம் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிற குடும்பம் நாயையும் கூட்டிப்போவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

எனவே யாரிடமாவது விட வேண்டும். அதற்குக் கிடைக்கும் மூன்று வழிகளையும் இங்கே எடைபோடுகிறோம்: நாய் விடுதியான கென்னல், ஒருவர் தன் வீட்டில் வைத்துக்கொள்ளும் ஹோம் போர்டிங், உங்கள் வீட்டுக்கே வந்து தங்கும் சிட்டர். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம்: "கென்னல் என்றால் சிறை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் அன்பு" என்று பரவலாக ஓர் எண்ணம் இருக்கிறது. பாதி நாய்களுக்கு அது சரி. மீதிப் பாதிக்கு அது ஆபத்தான எண்ணம்.

லைசென்ஸும் நட்சத்திரமும்

இங்கிலாந்தில் 2018 அக்டோபர் 1 முதல் உள்ள விதிகளின்படி, தொழிலாகக் காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் நாயைத் தன் இடத்தில் வைத்துக்கொள்பவர் உள்ளூர் கவுன்சிலின் லைசென்ஸ் எடுத்திருக்க வேண்டும். கென்னலுக்கும் இது பொருந்தும், தன் வீட்டில் வைத்துக்கொள்ளும் ஹோம் போர்டிங்குக்கும் பொருந்தும், பகலில் மட்டும் பார்த்துக்கொள்ளும் டே கேருக்கும் பொருந்தும். லைசென்ஸ் இல்லாமல் நடத்துவது குற்றம். நாயை நடத்திக் கூட்டிப்போகும் டாக் வாக்கருக்கும், உங்கள் வீட்டுக்கே வந்து தங்கும் சிட்டருக்கும் இந்த லைசென்ஸ் தேவையில்லை. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் 1963ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்னும் ஓடுகிறது. இங்கிலாந்தில் லைசென்ஸோடு தரும் நட்சத்திரத் தர மதிப்பீடு அங்கே கிடையாது.

லைசென்ஸ் காகிதம் இடத்திலேயே கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். வலைத்தளம் இருந்தால் லைசென்ஸ் வைத்திருப்பவர் பெயரும் எண்ணும் அதில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லை என்றால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. நாயைப் பார்த்துக்கொள்பவரைத் தேடும் செயலியில் ஒருவருக்கு நூறு பாராட்டுரை இருப்பது லைசென்ஸுக்கு ஈடாகாது. எண்ணைக் கவுன்சிலிடம் சொல்லிக் கேட்டால் சரிபார்த்துச் சொல்வார்கள்.

நட்சத்திரம் 1 முதல் 5 வரை. இதைப் படிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஆய்வாளர் இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்: இடம் எந்தத் தரத்தில் இருக்கிறது, நடத்துபவரின் கடந்தகாலம் எவ்வளவு நம்பகமானது. மூன்று ஆண்டு நல்ல பதிவு இல்லாத புதியவர், அதற்குரிய அங்கீகாரச் சான்று எதுவும் இல்லையென்றால், "அதிக ஆபத்து" வகையில்தான் வைக்கப்படுவார். அவர் எவ்வளவு உயர்ந்த தரத்தில் நடத்தினாலும் 4 நட்சத்திரத்துக்கு மேல் போக முடியாது. குறைந்தபட்ச விதிகளை மட்டும் நிறைவேற்றும் புதியவருக்கு 2 கிடைக்கும். அதையே நீண்ட காலமாகச் செய்துவருபவருக்கு 3. ஆகவே 4 நட்சத்திரப் புதிய இடம், 3 நட்சத்திரப் பழைய இடத்தைவிடத் தரத்தில் மேல். 1 நட்சத்திரம் என்றால் குறைகள் எழுதிக்கொடுக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள்; என்ன குறை என்று கேளுங்கள். நட்சத்திரத்தோடு லைசென்ஸின் காலமும் நீளும்: ஒரு வருடமா, இரண்டா, மூன்றா என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

நட்சத்திரம் காட்டாத ஒன்று உண்டு. ஆய்வாளர் பதிவேடு, அறை அளவு, கிருமிநாசினி எல்லாம் பார்ப்பார். உங்கள் நாய் அந்த இடத்தில் இரவு எப்படி இருக்கும் என்பது அவர் வேலை இல்லை.

கென்னல்

வழக்கமான கென்னல் ஒரு நீளக் கட்டடம். நடுவில் நடை, இருபுறமும் அறைகள். ஒவ்வொரு அறையும் இரண்டு பாகம்: உள்ளே படுக்கும் இடம், வெளியே கம்பி வலை அடித்த "ரன்". இரண்டுக்கும் நடுவே கயிற்றை இழுத்தால் மேலே ஏறும் சின்னக் கதவு. காலையில் நாயை ரன்னுக்கு விட்டுக் கதவை இறக்கிவிட்டு உள்ளே கழுவுவார்கள். காய்ந்த பிறகு மாற்றிவிடுவார்கள். அறைக் கதவில் ஓர் அட்டை தொங்கும். நாயின் பெயர், சாப்பாட்டின் எடை, மாத்திரை, "மற்ற நாயோடு விடாதே" போன்ற குறிப்பு எல்லாம் அதில்தான். அந்த அட்டை கையெழுத்தில் நெருக்கமாக நிரம்பியிருந்தால் நல்ல இடம். பெயர் மட்டும் இருந்தால் யோசியுங்கள்.

பார்க்கப் போகும்போது கண் போக வேண்டிய இடங்கள் சில. தரை வடிகாலை நோக்கிச் சரிகிறதா, அல்லது மூலையில் தண்ணீர் தேங்குகிறதா? தேங்கினால் அங்கே மூத்திரமும் தேங்கும், கண்ணைக் கரிக்கும் அமோனியா வாடை வரும். அதை மூடத்தான் சில இடங்களில் ப்ளீச் வாடை தூக்கலாக இருக்கும். இரண்டு வாடையும் இல்லாத, வெறும் நாய் வாடை அடிக்கும் கென்னலே சுத்தமான கென்னல். அடுத்தடுத்த அறைகளுக்கு நடுவே சுவர் இருக்கிறதா, வலை மட்டுமா? வலை என்றால் மூக்கோடு மூக்கு உரசும், இருமல் ஒரே வாரத்தில் வரிசை முழுக்கப் பரவும். எரிச்சல்கார நாய்கள் நாள் முழுவதும் வலையோடு சண்டை போட்டுப் பல்லை உடைத்துக்கொள்ளும். படுக்கை தரையில் கிடக்கிறதா, உயர்த்தி வைத்திருக்கிறார்களா? சுவரில் வெப்பமானி இருக்கிறதா? அரசு வழிகாட்டுதல்படி படுக்கும் இடம் 10 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, 26ஐத் தாண்டவும் விடக் கூடாது. ஜனவரியில் முதல் எண்ணும், ஜூலையில் இரண்டாவதும் முக்கியம். தகரக் கூரை போட்ட பழைய கட்டடங்களில் வெயில் காலமே பெரிய சோதனை. ஃப்ரெஞ்ச் புல்டாக், பக் போன்ற தட்டை முகக்காரர்களை ஆகஸ்டில் அங்கே விடவே வேண்டாம். கிரேஹவுண்ட், விப்பெட் போன்ற மெல்லிய தோல்காரர்களை குளிர்காலத்தில் விடுவதென்றால் கோட்டும் கூடவே போகட்டும்.

"எங்கள் நாய் இருக்கப்போகும் அறையைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். விளம்பரத்தில் வரும் சோபா, டி.வி. வைத்த அறை எத்தனை இருக்கிறது என்று எண்ணினால் பெரும்பாலும் ஒரு கை விரலுக்குள் முடிந்துவிடும். டி.வி.க்காக ஒரு நாளைக்குக் கூடுதலாக வாங்கும் காசு, உரிமையாளரின் மனச்சாட்சிக்கு எழுதும் ரசீது; நாய்க்கு அதில் ஒரு பங்கும் இல்லை. அந்தக் காசை இன்னொரு நடைக்குக் கொடுங்கள்.

நடை பற்றிக் கறாராகக் கேட்க வேண்டும். தினமும் ஒரு முறையாவது அறைக்கு வெளியே கூட்டிப்போக வேண்டும் என்பது அடிப்படை. "நாள் முழுதும் ரன்னில் ஓடலாமே" என்பது பதில் ஆகாது. ரன் அறையின் ஒரு பாகம்தான். எத்தனை தடவை, எத்தனை நிமிடம், கயிற்றோடா, வேலி போட்ட புல்வெளியிலா, தனியாகவா, கூட்டமாகவா? கூட்டம் என்றால் யார் எதை வைத்துச் சேர்க்கிறார்கள்? உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அடுத்த குடும்பத்து நாயோடு விடக் கூடாது.

அடுத்தது இரவு. பலரும் நினைப்பதுபோல, கென்னலில் ராத்திரி ஆள் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சாவி வைத்திருக்கும் ஒருவர் நியாயமான தூரத்தில், அவசரத்துக்கு வரக்கூடியவராக இருந்தால் போதும். சாயங்காலம் 6 மணிக்குப் பூட்டினால் மறுநாள் 7 மணி வரை, 13 மணி நேரம் அந்தக் கட்டடத்தில் நாய்கள் மட்டும். இளம் லாப்ரடார் இதைத் தூங்கியே கழித்துவிடும். வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய்க்கு ஆளாகக்கூடிய கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற ஆழ்ந்த மார்புக்காரர்களுக்கும் வலிப்பு உள்ள நாய்களுக்கும் 13 மணி நேரம் என்பது மிக நீண்டது. நடத்துபவர் வளாகத்திலேயே குடியிருக்கிறாரா, கடைசியாக எத்தனை மணிக்குச் சுற்றிப் பார்க்கிறார் என்பதைக் கேட்டே தீர வேண்டும்.

யாருக்கு ஏற்றது? மற்ற நாயைக் கண்டால் பாயும் நாய்க்கு. வேலி தாண்டுவதில் கெட்டிக்கார நாய்க்கு. சிறு வயதிலிருந்தே ஆண்டுக்கு இரண்டு முறை போய்ப் பழகிய நாய்க்கு. இவற்றை எல்லாம் யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறையில் விடுவதைவிட, நல்ல கென்னலில் விடுவது பல மடங்கு பத்திரம். தினமும் கட்டிலில் உரிமையாளரோடு படுத்துப் பழகிய பத்து வயது நாயை, முதல் தடவையாக மூன்று வாரம் கென்னலில் விட்டால், குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டி, எடை குறைந்து வரும்.

கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். ஒரு நாளைக்குச் சுமார் 20 முதல் 35 பவுண்ட் என்று வைத்துக்கொள்ளலாம், லண்டனைச் சுற்றி இன்னும் மேலே. பல கென்னல்கள் இரவைக் கணக்கிடுவதில்லை, காலண்டர் நாளைக் கணக்கிடும். கொண்டுவிடும் நாளும் ஒரு நாள், கூட்டிவரும் நாளும் ஒரு நாள். சில இடங்களில் காலை 10 மணிக்குள் எடுத்தால் கடைசி நாளுக்குக் காசு இல்லை. ஞாயிறும் வங்கி விடுமுறையும் நாயைத் திருப்பித் தராத இடங்கள் உண்டு. விமானம் ஞாயிறு மத்தியானம் இறங்குகிறது என்றால் திங்கள் வரை கட்டணம் ஓடும். டிக்கெட் போடுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

ஹோம் போர்டிங்

ஒருவர் தன் வீட்டில், தன் குடும்பத்தோடு உங்கள் நாயை வைத்துக்கொள்வது. ஒரு நாளைக்கு 30 முதல் 50 பவுண்ட். சோபா பழக்கம் உள்ள, மற்ற நாய்களோடு ஒத்துப்போகும் நாய்க்கு மூன்று வழிகளில் இதுதான் சிறந்தது. நிபந்தனை ஒன்றே: நடத்துபவர் விதிகளை உண்மையாகவே கடைப்பிடிப்பவராக இருக்க வேண்டும். கென்னலில் கட்டடமே பாதி வேலையைச் செய்துவிடும்; இங்கே எல்லாமே ஒருவரின் பழக்கவழக்கத்தில் நிற்கிறது.

விதிகள் நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு நாய்க்கும், தேவைப்பட்டால் தனியே வைக்க, ஓர் அறை ஒதுக்கியிருக்க வேண்டும். ஒரே வீட்டு நாய்கள் இரண்டானால் சேர்ந்து இருக்கலாம். வேறு வேறு குடும்பத்து நாய்களை ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள எல்லா உரிமையாளர்களின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். வீட்டிலிருந்து நேராகப் போகக்கூடிய, அடைப்புள்ள சொந்தத் தோட்டம் வேண்டும். நாய்க்கும் வாசலுக்கும் நடுவே குறைந்தது இரண்டு தடுப்பு வேண்டும். 16 வயதுக்குக் கீழே பிள்ளைகள் வீட்டில் இருந்தால் நாயோடு அவர்கள் எப்படிப் பழகலாம் என்பதற்கு ஒழுங்கு எழுதிவைத்திருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 3 மணி நேரத்துக்கு மேல் நாயைத் தனியே விடுவது வழக்கமாக இருக்கக் கூடாது. ஆகவே வெளியே முழுநேர வேலைக்குப் போகிறவர் இதை ஒழுங்காக நடத்த முடியாது.

அறைக் கணக்கே எத்தனை குடும்பத்து நாய் வைக்கலாம் என்பதைத் தீர்மானித்துவிடும். மூன்று படுக்கையறை வீட்டில் "எப்போதும் ஏழெட்டு நாய் ஜாலியாக இருக்கும்" என்று படம் போட்டிருந்தால், அவற்றில் பகல் நாய் எத்தனை, இரவு தங்குவது எத்தனை, லைசென்ஸில் எழுதியிருப்பது எத்தனை என்று கேளுங்கள். பகல் நாய்களுக்கு டே கேர் லைசென்ஸ் வேறு. நாய்கள் வரிசையாக உட்கார்ந்து கேமராவைப் பார்க்கும் படம் மகிழ்ச்சிக்கு அத்தாட்சி அல்ல. கேமராவுக்குப் பின்னால் பிஸ்கட் இருக்கிறது.

தப்பு நடப்பது பெரும்பாலும் முதல் இரண்டு நாளில். நாய்க்குப் புது இடம், உரிமையாளர் போன திசை மட்டும் தெரியும், கதவு திறந்தால் பாயும். பார்சல்காரர் மணி அடிக்கும் அந்தப் பத்து நொடிதான் அபாயம். முன்பார்வைக்குப் போகும்போது உங்களில் ஒருவர் சற்றுத் தாமதமாக வந்து மணி அடியுங்கள். வீட்டுக்காரர் முதலில் நடைக்கதவைச் சாத்திவிட்டு, பிறகு வாசல் கதவைத் திறக்கிறாரா? அல்லது நாயின் கழுத்துப் பட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் திறக்கிறாரா? இரண்டாமவரிடம் நாயை விட வேண்டாம். பின்பக்கம் போய் வேலியைப் பாருங்கள். 1.8 மீட்டர் உயரம் பெரும்பாலான நாய்க்குப் போதும். ஆனால் பலகைக்கு அடியில் மண் அரித்து இடைவெளி விழுந்திருக்கும். பக்கவாட்டுக் கதவில் தாழ்ப்பாள் மட்டுமா, பூட்டும் உண்டா என்றும் பார்க்க வேண்டும். குப்பைத்தொட்டியை வெளியே தள்ளும் நாளில் திறந்துகிடப்பது அந்தக் கதவுதான்.

இரண்டாவது தகராறு சாப்பாடு. வீட்டு நாய் ஒன்று இருக்கும் இடத்தில், கிண்ணம், எலும்பு, சோபா மூன்றுக்கும் சண்டை வரும். எங்கே வைத்துச் சாப்பாடு போடுவீர்கள் என்று கேட்டால் "தனித்தனி அறையில், கதவைச் சாத்தி" என்று யோசிக்காமல் பதில் வர வேண்டும். அறிமுகம் வீட்டுக்குள் நடக்கக் கூடாது. இரண்டு நாய்களையும் வெளியே கயிற்றில் ஒரே திசையில் கால் மணி நேரம் நடத்தி, அதன்பின் சேர்ந்து உள்ளே வருவதுதான் முறை. வாசலிலேயே முகத்துக்கு முகம் நிறுத்துபவருக்கு நாய் பிடிக்கும், தொழில் தெரியாது.

பெண் நாய் கருத்தடை செய்யாததென்றால் தேதியைக் கணக்குப் பாருங்கள். சுமார் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பருவம் வரும். பயண நாளோடு அது மோதினால் பெரும்பாலான ஹோம் போர்டர்கள் கடைசி நேரத்தில் மறுத்துவிடுவார்கள், முன்பணமும் திரும்பாது. கருத்தடை செய்யாத ஆண் நாயை ஆரம்பத்திலேயே ஏற்காதவர்களும் நிறைய.

ஒரு சோதனை இரவு கட்டாயம். பயணத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்னால் வையுங்கள். சரிப்படாவிட்டால் வேறு இடம் தேட அவகாசம் இருக்கும். ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிய, கிறிஸ்துமஸ், ஈஸ்டர் நாட்களுக்கு நல்ல வீடுகள் பல மாதங்கள் முன்பே நிரம்பிவிடும். காலியாக இருக்கும் வீடு ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்பதில் தவறில்லை.

வீட்டுக்கு வரும் சிட்டர்

கிழட்டு நாய், கண் தெரியாத நாய், தினமும் இன்சுலின் போடும் நாய், கூடவே பூனையும் இருக்கும் வீடு: இவற்றுக்கு வேறு பேச்சில்லை, ஆளை வீட்டுக்கே வரவழையுங்கள். தொழில்முறை சிட்டருக்கு ஓர் இரவுக்கு 40 பவுண்டிலிருந்து ஆரம்பிக்கும். இரண்டு நாய் உள்ள வீட்டில் ஹோம் போர்டிங்கோடு கணக்குப் பார்த்தால் இதுவே மலிவாகிவிடலாம்.

ட்ரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ் போன்ற உறுப்பினர் தளங்களில் சிட்டருக்குச் சம்பளம் இல்லை. இரு தரப்பும் ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள். அவர் இலவசமாகத் தங்குகிறார், நாயைப் பார்த்துக்கொள்கிறார். நீண்ட பயணத்துக்கு இது காசை மிச்சப்படுத்தும். ஆனால் சம்பளம் இல்லாதவரிடம் கறாராக வேலை வாங்க முடியாது என்பதை மறந்துவிடக் கூடாது.

"ஓவர்நைட்" என்ற சொல்லை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். சிலருக்கு அது மாலை 7 முதல் காலை 7 வரை. பகல் முழுவதும் நாய் தனியே. மணிக்கணக்கை எழுதி வாங்குங்கள். வீட்டுக் காப்பீட்டாளரிடமும் சொல்லிவிடுங்கள். பல பாலிசிகள் வீடு 30 நாளுக்கு மேல் காலியாக இருந்தால் பாதுகாப்பைக் குறைத்துவிடும். வேறொருவர் தங்குவதும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிட்டரிடம் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று பார்க்கும்போது, தன் பராமரிப்பில் உள்ள பிராணிக்கு ஏற்படும் காயத்தையும் அது உள்ளடக்குகிறதா என்று பாருங்கள். மூன்றாம் ஆளைக் கடித்தால் மட்டும் பணம் தரும் பாலிசி பாதிப் பாலிசி.

ஊசிக் கணக்கு

கென்னல், ஹோம் போர்டிங் இரண்டிலும் பார்வோவைரஸ், டிஸ்டெம்பர், கல்லீரல் அழற்சி, லெப்டோஸ்பைரோசிஸ் நோய்களுக்கான ஊசிகள் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். அட்டையைக் கையில் கொண்டுபோக வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது லெப்டோவில். மற்ற மூன்றும் பொதுவாக மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, லெப்டோ ஆண்டுக்கு ஒரு முறை. அதை நன்றாகத் தவறவிட்டிருந்தால் மறுபடி முதலிலிருந்து, நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி போடச் சொல்வார்கள். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் அட்டையைத் தேடி எடுப்பவருக்கு இதனால்தான் இடம் கிடைக்காமல் போகிறது.

கென்னல் காஃப் எனப்படும், நாய்களிடையே பரவும் இருமலுக்கான மருந்து தனி. பெரும்பாலும் மூக்கில் விடுவது. பரவலாகப் பயன்படும் மூக்கு மருந்தில் அந்த இருமலைத் தரும் போர்டெடெல்லா பாக்டீரியாவுக்கு எதிரான பாதுகாப்பு 72 மணி நேரத்தில் வரும். பாராஇன்ஃப்ளுயன்சா வைரஸுக்கு மூன்று வாரம் ஆகும். எனவே மூன்று வாரத்துக்கு முன்பே விட்டுவிடுவது நல்லது. அது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த மருந்து. விட்ட பின் சில வாரம் நாயின் மூக்கிலிருந்து வெளியேறும். வீட்டிலோ போர்டர் வீட்டிலோ புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், உறுப்பு மாற்றம் செய்தவர் யாராவது இருந்தால் வெட்டிடம் (கால்நடை மருத்துவரிடம்) முன்கூட்டியே சொல்லுங்கள்.

கொடுத்தனுப்ப வேண்டியவை

வழக்கமான சாப்பாட்டை ஒரு நாளுக்கு ஒரு பை என்று எடைபோட்டுக் கட்டி, இரண்டு நாளுக்குக் கூடுதலாகக் கொடுங்கள். புது இடத்தின் பதற்றமும் புதுச் சாப்பாடும் சேர்ந்தால் வயிற்றுப்போக்கு நிச்சயம். வீட்டுச் சோறும் கோழியும் சாப்பிட்டுப் பழகிய நாய் என்றால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்; பச்சை இறைச்சியும் சமைத்த சாப்பாடும் குளிர்பெட்டி இடத்தையும் சுகாதார விதியையும் தொடும் விஷயம், எல்லா இடமும் ஏற்காது. மறுத்தால் குறைந்தது இரண்டு வாரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக உலர் தீனிக்கு மாற்றுங்கள். மாத்திரையை மருந்தகத்து லேபிள் ஒட்டிய பெட்டியோடு கொடுக்க வேண்டும். துவைக்காத பழைய விரிப்பு ஒன்று, வீட்டு வாசனைக்காக. புது பொம்மை வேண்டாம்.

வெட் சம்மதப் படிவத்தை அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எவ்வளவு தொகை வரை உங்களைக் கேட்காமல் செலவழிக்கலாம், உங்கள் போன் கிடைக்காவிட்டால் முடிவு எடுப்பவர் யார், அவர் பிரிட்டனில் இருக்கிறாரா என்ற மூன்றையும் நிரப்புங்கள். உங்கள் வெட்டுக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, இன்னார் நாயைக் கொண்டுவந்தால் சிகிச்சை செய்யலாம் என்று பதிவு செய்துவிடுங்கள்.

இதையெல்லாம்விடப் பலர் விட்டுவிடுவது மைக்ரோசிப் விவரம். சிப் 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். அதன் பதிவில் இருக்கும் உங்கள் போன் எண்ணோ, நீங்கள் பறந்துகொண்டிருக்கும்போது அணைந்திருக்கும். தெருநாயாகப் பிடிபட்டதைக் கவுன்சில் ஏழு நாள்தான் வைத்திருக்கக் கடமைப்பட்டது. அதற்குப் பின் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். கிளம்பும் முன் சிப் தரவுத்தளத்தில் இரண்டாவது தொடர்பாக உள்ளூர் ஆள் ஒருவரின் எண்ணைச் சேருங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் பெயரும் முகவரியும் சட்டப்படி இருக்க வேண்டியவை. அதோடு போர்டரின் எண் பொறித்த இன்னொரு வில்லையையும் மாட்டுங்கள். பட்டை மட்டும் போதாது, உடலோடு பொருந்தும் ஹார்னஸும் வேண்டும். பயந்த நாய் பின்வாங்கி இழுத்தால் பட்டை தலை வழியாகக் கழன்றுவிடும்.

திரும்பி வந்த பிறகு

ஒன்றிரண்டு நாள் நிறையத் தூங்கும், நிறையத் தண்ணீர் குடிக்கும், மலம் இளகிப் போகலாம். இதற்குப் பயப்பட வேண்டாம். வழக்கமான அளவில் பாதியை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள். ரத்தம் கலந்து போனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அன்றே வெட்டிடம் காட்ட வேண்டும். தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் வறட்டு இருமல் வருவது கென்னல் காஃப். சில நாள் கழித்துத்தான் வெளிப்படும், ஊசி போட்ட நாய்க்கும் லேசாக வரலாம். கிளினிக்குக்குள் நாயோடு நுழைந்துவிடாமல் முதலில் போன் செய்யுங்கள். காரிலேயே காத்திருக்கச் சொல்வார்கள். இருமல் நிற்கும் வரை கழுத்தில் கயிறு வேண்டாம், ஹார்னஸ் போதும். நாயை விட்டிருந்த இடத்துக்கும் அன்றே தகவல் சொல்லிவிடுங்கள். அங்கே அடுத்த நாய் உங்கள் நாய் இருந்த அதே அறையில் படுத்திருக்கும்.